ஏ.சி.எல்.எஸ். கோர்ஸுக்கு மூன்று வாரத்தில் தயாராக முடியுமா?

கேள்வி: கோபியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றவரைக் காப்பாற்றும் மேம்பட்ட பயிற்சி) முடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஈ.சி.ஜி. என்றாலே பயம். மூன்று வாரத்தில் தயாராக முடியுமா?

தாராளமாக முடியுங்க. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம்தான் தப்பு.

நான் ஈரோட்டில் ஒரு ஐ.சி.யு.வில் இன்சார்ஜ் சிஸ்டர். கோர்ஸுக்குப் போகிற பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கி அனுப்புவதும் என் தலையில்தான் விழும். நான் பார்த்தவரை, ஈ.சி.ஜி. தெரியாமல் தடுமாறியவர்களைவிட வாய் திறக்காமல் தடுமாறியவர்கள்தான் அதிகம்.

முதலில் என் கதை. கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் மெகாகோட் நடந்தது. கேஸ் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை டீமாக நடத்திக் காட்டுகிற தேர்வு அது. அன்று நான் டீம் லீடர். பொம்மைக்கு ஷாக் கொடுத்து, இரண்டு நிமிடம் சி.பி.ஆர். செய்து, மானிட்டரைப் பார்த்தால் அழகான சைனஸ் ரிதம், அதாவது இதயத்தின் இயல்பான தாளம். "சைனஸ் வந்துருச்சு சார்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடி மூடித் திறந்தார். அரை நிமிடம் போனது. அப்புறம்தான் உறைத்தது: நான் பல்ஸைத் தொடவே இல்லை. மானிட்டரில் கோடு ஓடுகிறது, கழுத்தில் துடிப்பு இல்லை. பி.இ.ஏ.! நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் இளித்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிடத்துக்காக மறுபடி ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஈ.சி.ஜி.யை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பல்ஸ் இல்லாத ஆளுக்கு நான்கே ரிதம். வி.எஃப். (இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்குவது), பல்ஸ் இல்லாத வி.டி. (கீழறைகள் மிக வேகமாக ஓடுவது) இரண்டுக்கும் ஷாக், அசிஸ்டோலிக்கும் (வெறும் நேர்க்கோடு) பி.இ.ஏ.வுக்கும் ஷாக் கிடையாது. பல்ஸ் இருக்கிற ஆளென்றால் வேகமா மெதுவா, பி.பி. தாங்குகிறதா, நினைவு தெளிவா, நெஞ்சு வலி உண்டா, மூச்சு இரைக்கிறதா என்று பாருங்கள். நிலை மோசமென்றால் வேகத்துக்கு சிங்க் வைத்து கார்டியோவெர்ஷன் (இதயத் துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுக்கும் ஷாக்). மெதுவுக்கு அட்ரோபின், அதற்கும் அசையாவிட்டால் பேசிங் (மின்சாரத்தால் துடிக்க வைப்பது). கஷ்டமானது ஹார்ட் பிளாக் (மேலறையின் மின்சாரம் கீழறைக்குச் சரியாக இறங்காதது) மட்டும்தான். அதற்கு ஒரு வழி. வார்டில் கிடக்கும் பழைய ஈ.சி.ஜி. ஸ்ட்ரிப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் (அசல் தாள் நாள்பட வெளிறிப்போகும், நோயாளி பெயரை மறைத்துவிடுங்கள்). ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தை பி அலைகளுக்கு (மேலறையின் அலை) கீழே வைத்துப் புள்ளி குத்துங்கள். காகிதத்தை நகர்த்திக்கொண்டே போனால், எந்த பி அலைக்குப் பின்னால் க்யூ.ஆர்.எஸ். (கீழறையின் அலை) வரவில்லை, இடைவெளி நீண்டுகொண்டே போய் விழுந்ததா, நீளாமலே திடீரென்று விழுந்ததா, இரண்டும் ஒட்டே இல்லாமல் தனித்தனியாக ஓடுகின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியும். நாளைக்குப் பத்து ஸ்ட்ரிப் என்று ஒரு வாரம் செய்யுங்கள், போதும்.

அடுத்தது கை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6-ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே வர வேண்டும். ஒப்பிக்கச் சொன்னால் எல்லாரும் ஒப்பிப்பார்கள். சென்னிமலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை, தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள்; தாளம் கையோடு வரும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 140-க்கு ஓடிவிட்டாள். வேகம் ஏற ஏற ஆழம் குறைந்தது. இலவம்பஞ்சுத் தலையணையைத் தரையில் போட்டு, செல்போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் ஆப்) 110-ல் வைத்து, இரண்டு இரண்டு நிமிடமாக அழுத்திப் பழகச் சொன்னேன். நீங்களும் அதையே செய்யுங்கள். கோர்ஸில் பெரும்பாலும் பொம்மை தரையில்தான் கிடக்கும். முட்டி போட வசதியான உடுப்போடு போங்கள். வார்டில் கட்டில் உயரமாக இருந்தால் கூச்சப்படாமல் ஸ்டூலைக் காலடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூ பேக்கிலும் (கையால் பிழிந்து மூச்சுக் கொடுக்கும் பை) இதே கதைதான். டியூப் போட்ட பிறகு ஆறு நொடிக்கு ஒரு மூச்சு. ஆனால் பதற்றத்தில் இருக்கும் கை இரண்டு நொடிக்கு ஒருதரம் பிழிந்துவிடும். அளவுக்கு மீறிக் காற்று போனால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். ஆறு வரை வாய்விட்டு எண்ணுங்கள்.

மருந்தைப் புத்தகத்தில் படிப்பதோடு நிற்காமல் கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டி) திறந்து ஆம்பூலைக் கையில் வைத்துப் படியுங்கள். அட்ரினலின் ஒரு ஆம்பூல் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, கணக்கு சுலபம். அமியோடரோன் நம் ஆம்பூலில் 150 மி.கி.; முதல் டோஸ் 300 என்றால் இரண்டு ஆம்பூல், அடுத்த டோஸுக்கு ஒன்று. அட்ரோபினில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டுவார்கள். பல்ஸ் இருந்து மெதுவாக ஓடும் இதயத்துக்கு ஒரு தடவைக்கு 1 மி.கி., மொத்தம் 3 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. நம்மிடம் வழக்கமாக இருப்பதோ 0.6 மி.கி. ஆம்பூல். அதற்கு மேல், பூச்சிமருந்து கேஸ்களுக்கு ஆம்பூல் ஆம்பூலாக உடைத்து, சுரப்பு வற்றும்வரை ஏற்றிப் பழகிய கை நமக்கு. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. தேர்வில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இப்போது வாய்க்கு வருகிறேன். ஒரு நைட் டியூட்டியில் ஒத்திகை. நான் டாக்டராக நடிக்கிறேன், மானிட்டரில் அசிஸ்டோலி. வேண்டுமென்றே "அட்ரோபின் போடு அம்மிணி" என்றேன். அரெஸ்ட் அல்காரிதத்திலிருந்து (இதயம் நின்றால் செய்ய வேண்டியவற்றின் வரிசை) அட்ரோபினை 2010-லேயே எடுத்துவிட்டார்கள். சென்னிமலைப் பிள்ளைக்கு அது தெரியும்; முந்தின நாள்தான் எனக்கே ஒப்பித்தாள். ஆனாலும் மறுபேச்சு பேசாமல் ஆம்பூலை உடைத்தாள்.

"ஏனம்மிணி, தப்புன்னு தெரியுமல்ல? சொல்றதுக்கு என்ன?"

"தெரியுமுங்க. ஆனா நீங்க சொல்லிப்போட்டீங்கல்லங்க சிஸ்டர்…"

நம் ஊரில் பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு வளர்ந்தவர்கள். ஏ.சி.எல்.எஸ்.ஸோ லீடர் தப்புச் சொன்னால் டீமில் இருப்பவர் திருத்த வேண்டும் என்கிறது, அதையும் கவனிப்பார்கள். சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லி, செய்து முடித்ததும் "போட்டாச்சு" என்று சொல்வதும் அதில் சேர்த்தி. இதற்காக மரியாதையை விட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த வரி இது: "டாக்டருங்க, இது அசிஸ்டோலிங்க, அட்ரோபின் இப்ப இல்லீங்க. அட்ரினலின் 1 மி.கி. போடட்டுங்களா?" 'ங்க' பாட்டுக்கு இருக்கட்டும், மருந்தின் பெயரும் அளவும் காதில் விழுந்தால் சரி. முதல் நாள் வரி வாயில் வரவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே பத்துத் தடவை சொல்ல வைத்தேன்.

இதயம் நின்றதற்குக் காரணம் தேடும் ஐந்து ஹெச், ஐந்து டி (அந்த ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் காரணங்கள்) பட்டியலைச் சும்மா மனப்பாடம் செய்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். பார்த்த நோயாளிகளோடு முடிச்சுப் போடுங்கள். பொட்டாசியம் என்றால் டயாலிசிஸுக்கு வராமல் விட்டு, அகன்ற க்யூ.ஆர்.எஸ்.ஸோடு வந்தவர். ஹைப்போவோலீமியா (உடலில் ரத்தம் குறைவது) என்றால் பைபாஸ் ரோட்டில் அடிபட்டு வந்த பையன். டென்ஷன் நியூமோதொராக்ஸும் (நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து அழுத்துவது) அவனிடமே இருக்கலாம். டாக்ஸினுக்கு (விஷம்) நம் காஷுவாலிட்டியில் பஞ்சமே இல்லை: பூச்சிமருந்து, இந்தப் பக்கத்துக்கே உரிய சாணிப்பவுடர் (சாணத்துக்குப் பதில் வாசலில் தெளிக்கும் சாயப்பொடி), அரளிக்கொட்டை. அரளி பிளாக்கையும் கொண்டுவரும், பொட்டாசியத்தையும் ஏற்றும். அந்த ஒரு நோயாளியை நினைவில் வைத்தால் பட்டியலில் இரண்டு வரி தானாக வந்துவிடும்.

எழுத்துத் தேர்வு பெரிய விஷயமில்லை. ஆங்கிலத்தில் 50 கேள்வி, 84 சதவீதம் வேண்டும், அதாவது 42 சரி. போவதற்கு முன் ஆன்லைனில் ஒரு சுயமதிப்பீடு இருக்கும், அதில் 70 சதவீதம். அதைக் கடைசி ராத்திரிக்கு வைக்காதீர்கள். முதல் வாரமே எழுதினால் எங்கே ஓட்டை என்று தெரியும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2025 அக்டோபரில் புது வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. சீனியர் தரும் பழைய புத்தகத்தை வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள்.

மூன்று வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றால், முதல் வாரம் ஸ்ட்ரிப், இரண்டாம் வாரம் தலையணையும் கிராஷ் கார்ட்டும், மூன்றாம் வாரம் முழுக்க வாய். மூன்றாம் வாரத்துக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் வீட்டுக்காரரை டாக்டராக உட்கார வைத்துத் தப்புத் தப்பாக உத்தரவு போடச் சொல்லுங்கள். என் வீட்டில் அவர் நான்கு வருடமாக அந்த வேலையைச் செய்கிறார். சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் இந்தத் தை மாதம் அவருக்கு மறுபடி டியூட்டி.