அக்சஸ் கன்ட்ரோல் வாங்குகிறீர்களா? ரீடரை விட்டுவிட்டுக் கதவின் உள்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அலுவலகத்துக்கு அக்சஸ் கன்ட்ரோல் வேண்டும் என்றால் கடையில் கார்டு ரீடரைக் காட்டுகிறார்கள். எங்கள் கணினிப் பிரிவோ, எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்பதற்கு அதே பெயரைச் சொல்கிறது. விரைவுச்சாலைகளுக்கும் அந்தப் பெயர் வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?

பதில்: வேலை ஒன்றுதான், வாசல்தான் வேறு. யார், எங்கே, எப்போது நுழையலாம் என்று முன்பே முடிவு செய்து, நுழையும் இடத்தில் அதை நடைமுறைப்படுத்துவது. விரைவுச்சாலையில் வண்டிகள் நினைத்த இடத்தில் ஏற முடியாது, அதற்கென உள்ள இணைப்புகள் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். கட்டணத் தொலைக்காட்சியில் சந்தா உள்ள பெட்டிக்கு மட்டும் அலைவரிசை திறக்கும். வலையமைப்புக் கருவிகளின் மேக் (மீடியா அக்சஸ் கன்ட்ரோல்) முகவரியில் ஒளிந்திருக்கும் அக்சஸ் கன்ட்ரோல் மட்டும் தனி. ஒரே ஊடகத்தைப் பல கருவிகள் மோதாமல் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது, பூட்டோடு சம்பந்தமில்லை.

கணினியிலும் கதவிலும் இரண்டு படிகள் உண்டு. வந்திருப்பவர் யார் என்று உறுதி செய்வது முதல் படி. அவருக்கு இங்கே என்ன அனுமதி என்று பார்ப்பது இரண்டாவது. வாங்குபவர்கள் பணத்தை எல்லாம் முதல் படியில் கொட்டிவிட்டு, எல்லாருக்கும் எல்லாக் கதவையும் திறந்து விடுகிறார்கள். அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் கணக்கு, கிடங்கு, துப்புரவு என்று குழுவாகவும், நேர வரம்போடும் கொடுக்க முடிகிற மென்பொருளாகப் பாருங்கள். ஒருவர் பிரிவு மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இந்த வசதி இல்லாததை 3 கதவுக்கு மேல் உள்ள இடத்துக்கு வாங்கவே வேண்டாம்.

கேள்வி: "இது ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு, நகல் எடுக்கவே முடியாது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: ஆர்.எஃப்.ஐ.டி. என்றால் ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் கார்டு, அவ்வளவுதான். எந்த வகை என்று கேட்காமல் நம்பாதீர்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை ரீடர் அருகே வந்ததும் தன் எண்ணை அப்படியே சொல்லிவிடும். மறையாக்கம், அதாவது எண்ணைச் சங்கேதமாக்கி அனுப்புவது, எதுவும் கிடையாது. கையடக்க நகலெடுக்கும் கருவி ஒன்றும் எழுதக்கூடிய வெற்றுக் கார்டு ஒன்றும் இருந்தால் சில விநாடி வேலை.

13.56 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். அதில் பரவலாக விற்கும் மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் மறையாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. இன்று புதிதாக வாங்குவதானால் ஏ.இ.எஸ். 128 பிட் மறையாக்கம் உள்ள மைஃபேர் டெஸ்ஃபயர் இ.வி.2, இ.வி.3 போன்றவற்றைக் கேளுங்கள்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்டு நல்ல கார்டாக இருந்தும், ரீடர் அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்திருப்பார்கள். அப்போது மறையாக்கம் இருந்தும் இல்லாததுபோல்தான். சோதிப்பது எளிது: வேறு எங்கோ பயன்படுத்தும் ஒரு 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டைக் கொண்டுபோய் "இதைப் பதிவு செய்து கதவைத் திறந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். திறந்தால், அந்த ரீடர் வரிசை எண்ணைத்தான் பார்க்கிறது. மறையாக்கச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேளுங்கள். விற்பவரிடம் மட்டும் இருந்தால் வருங்காலத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும்.

கேள்வி: ஒரே கதவுதான். கதவைத் திறப்பதா என்று முடிவு செய்யும் தனி கன்ட்ரோலர் வேண்டாம், ரீடரிலேயே எல்லாம் அடக்கம் என்கிறார்கள். போதாதா?

பதில்: உள் அறைகளுக்கிடையே உள்ள கதவு என்றால் போதும். தெருவைப் பார்த்த கதவுக்குப் போதாது. அத்தகைய கருவியில் பூட்டை இயக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வெளிச்சுவரில் இருக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியைக் கழற்றி, பூட்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளை அதன் வகைக்கேற்ப இணைத்தாலோ வெட்டினாலோ கதவு திறந்துவிடும். கார்டே தேவையில்லை. ரிலேவை உள்பக்கம் வைக்கும் சிறு பாதுகாப்பு மாட்யூல் சில மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். அது மறையாக்கத்தோடு பேசுவதா என்று பார்த்து வாங்குங்கள்.

தனி கன்ட்ரோலர் வைத்தாலும் ரீடரிலிருந்து வரும் கம்பியைக் கவனியுங்கள். ரீடரும் கன்ட்ரோலரும் பேசும் பழைய வீகாண்ட் முறையில் கார்டு எண் மறையாக்கமின்றி, ஒரே திசையில் போகிறது. அதன் 26 பிட் வடிவத்தில் 8 பிட் இடக்குறி (எந்த இடத்துக்கான கார்டு என்று காட்டும் எண்), 16 பிட் கார்டு எண், மீதி 2 பிட் சரிபார்ப்புக்கு. ஆக ஓர் இடக்குறிக்குள் 65,536 எண்கள்தான் வரும். அதே எண்கள் கொண்ட கார்டு வேறொருவருக்கும் விற்கப்பட்டிருக்கலாம். ஆர்.எஸ்.485 கம்பியில் ஓடும் புதிய ஓ.எஸ்.டி.பி. முறை இருவழியில் பேசும், ரீடரைக் கழற்றினால் கன்ட்ரோலருக்குத் தெரியும். அதன் பாதுகாப்பு இணைப்பு வசதியைப் பொருத்துபவர் இயக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா?

பதில்: ஆள் வெளியேறும் வழி என்றால், எந்த நிலையிலும் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். இதில் பேரம் கிடையாது.

காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். பணப்பெட்டி அறை, சர்வர் அறை போன்றவற்றுக்கு மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் ஸ்ட்ரைக் வகைப் பூட்டு (சட்டத்தில் இருந்து தாழை விடுவிப்பது) பொருந்தும். ஆனால் உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் மின்சாரமின்றியே திறக்க வேண்டும். காந்தப் பூட்டை ரிலேயில் காம் (பொது முனை), என்.சி. (இயல்பில் இணைந்திருப்பது) முனைகளிலும், இந்த ஸ்ட்ரைக்கை காம், என்.ஓ. (இயல்பில் இணையாதது) முனைகளிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் கார்டு காட்டும்போது பூட்டும், மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும்.

காந்தப் பூட்டு வைத்த கதவில் எக்சிட் பட்டன் மட்டும் போதாது. அது பெரும்பாலும் கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்லும் பட்டன்தான். கன்ட்ரோலர் உறைந்து போனால் அதுவும் வேலை செய்யாது. உடைத்து அழுத்தும் அவசரப் பெட்டி, பூட்டுக்குப் போகும் மின் கம்பியையே நேரடியாக வெட்ட வேண்டும். தீ எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதன் ரிலேவும் அதே கம்பியில் வர வேண்டும். வேலை முடிந்த அன்று கன்ட்ரோலரின் மின்சாரம் ஓடும்போதே பெட்டியை அழுத்திப் பாருங்கள்.

பேட்டரிக் கணக்கு: 280 கிலோ பிடிப்புள்ள காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலர், ரீடர் சேர்த்து 0.3 ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 0.8. 7 ஆம்பியர் மணி பேட்டரிக்குத் தாளில் எட்டே முக்கால் மணி நேரம் வரும். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கும்போது கிடைக்கும் அளவு, பேட்டரியும் பழசாகும். எனவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

கேள்வி: காந்தப் பூட்டு பொருத்திய கதவு பலமாக இழுத்தால் திறந்துவிடுகிறது. சில சமயம் கதவு திறக்கும்போது கன்ட்ரோலர் அணைந்து மீண்டும் வருகிறது. பூட்டு தொட்டால் சூடாகவும் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: இளஞ்சூடு இயல்பு, அதை விடுங்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் பொருத்திய விதத்தில் வரும் கோளாறு.

முதலில் கதவில் உள்ள இரும்புத் தகட்டை அசைத்துப் பாருங்கள். நடுவில் ரப்பர் வாஷரோடு அது சற்று ஆட வேண்டும். இறுக்கி முறுக்கியிருந்தால் காந்தத்தின் முகத்தில் முழுதாகப் படியாது. மயிரிழை இடைவெளி விழுந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறையும். பெயின்ட், ஒட்டிய தாள், துரு எதுவும் நடுவில் இருக்கக் கூடாது.

அடுத்து, கதவு பூட்டியிருக்கும்போது பூட்டின் முனையிலேயே மல்ட்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வலையமைப்புக்குப் போட்டு மீதமிருந்த கேட்.6 கம்பியின் ஒரு ஜோடியில் மின்சாரம் கொடுத்திருப்பார்கள். 24 கேஜ் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம். 30 மீட்டர் தொலைவுக்குப் போகவர 60 மீட்டர், அதாவது 5 ஓம். அரை ஆம்பியருக்கு 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும், பூட்டுக்குக் கிடைப்பது 9.5 வோல்ட். 18 கேஜ் கம்பியானால் இழப்பு 0.6 வோல்ட் அளவில் நிற்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம்.

கன்ட்ரோலர் அணைவதற்குக் காரணம், பூட்டின் சுருளில் மின்சாரம் துண்டிக்கப்படும்போது எதிர்த்திசையில் எழும் மின்னழுத்தம். பூட்டின் முனைகளுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வருமாறு மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு ஒன்று வைத்தால் அடங்கும். திருப்பி வைத்தால் ஷார்ட் ஆகும். பூட்டுக்குத் தனி பவர் சப்ளை கொடுப்பது இன்னும் நல்லது.

கேள்வி: கார்டுக்குப் பதில் விரல் ரேகைக் கருவியே வாங்கிவிடலாமா?

பதில்: சிமென்ட், ரசாயனம், ஈரம் என்று கையால் வேலை செய்பவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், கருவி திரும்பத் திரும்ப மறுக்கும். எரிச்சலில் பொறுப்பாளர் உணர்திறனைக் குறைத்து வைப்பார். அப்புறம் ஒருவர் ரேகைக்கு இன்னொருவர் பெயரில் திறக்கும் வாய்ப்பு கூடும். ஆளுக்கு இரண்டு விரல், இரு கையிலும் ஒவ்வொன்று பதியுங்கள். ஆள் அதிகம் என்றால் கார்டைக் காட்டி, அந்த ஒருவரின் ரேகையோடு மட்டும் ஒப்பிடும் முறை வேகமானது, பிழையும் குறைவு. கார்டு தொலைந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. எனவே ரேகைப் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, வேலையை விட்டவருடையது அழிகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பில் போடும் முன் வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: கதவுக்கு அல்லது ஆளுக்கு ஆண்டுச் சந்தா உண்டா, சந்தா நின்றால் கதவு இயங்குமா, இணையம் போனால் கன்ட்ரோலர் தன் நினைவில் எத்தனை நிகழ்வுகளை வைத்திருக்கும், ஆட்கள் பட்டியலை நீங்களே கோப்பாக எடுக்க முடியுமா. கதவு மூடியதா என்று காட்டும் சென்சார் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் யாரோ கட்டை வைத்துத் திறந்து விட்டாலும் கணினி "பூட்டியுள்ளது" என்றே சொல்லும். பொருத்தியவர் கிளம்பும் முன் கருவியோடு ஆலையிலிருந்தே வந்த கடவுச்சொல்லை மாற்றி, அவர் சோதனைக்குப் பதிந்த கார்டையும் உங்கள் கண் முன்னே நீக்கச் சொல்லுங்கள்.