ஸ்லைடு செய்தது யார்?

கேள்வி: மாதாமாதம் மேலாளர்கள் முன்னால் விற்பனை நிலவரத்தை விளக்குவது என் வேலை. 30 ஸ்லைடு இருக்கும். பத்தாவது வருவதற்குள் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஸ்லைடுகளை என் மனைவிதான், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து செய்து தருவாள். அவளுக்கு அது கைவந்த கலை. அனிமேஷன் சேர்த்தால் கவனிப்பார்களா? எந்த டெம்ப்ளேட் நல்லது?

பதில்: தம்பி, டெம்ப்ளேட் கிடக்கட்டும். "குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

ஒரு ஸ்லைடில் எதை வைப்பது, எதை விடுவது என்பது பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. எந்தப் பகுதியில் விற்பனை ஏன் படுத்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கு எப்படித் தெரியும்? அவர் நீங்கள் கொடுத்த எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டத்தான் செய்வார். 6 பகுதி, 12 மாதம் என்றால் திரையில் 72 எண்கள். மறுநாள் நீங்கள் போய் நின்று, அதில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்து வாசிக்கிறீர்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் அதை உங்களுக்கு முன்பே வாசித்து முடித்துவிடுவார்கள். அப்புறம் போனை எடுக்காமல் என்ன செய்வார்கள்?

வாசிப்பது ஒரு பக்கம், அதே நேரத்தில் இன்னொருவர் பேசுவதைக் கேட்பது ஒரு பக்கம் என்றால் மனசு இரண்டிலும் நிற்காது. படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்க முடியும். ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்: படத்தோடு பேச்சை மட்டும் கேட்டவர்கள், அதே பேச்சு எழுத்தாகவும் திரையில் வந்தபோது கேட்டவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

முக்கியமானது எது என்று முடிவு செய்யாமல் விடுவது சின்ன விஷயமில்லை. 2003இல் அமெரிக்காவின் கொலம்பியா என்ற விண்வெளி ஓடம் சிதறி 7 பேர் இறந்தார்கள். அந்த ஓடம் இன்னும் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடில், கவலைப்பட வேண்டிய தகவல் அடியில் துணைக்குறிப்பாகக் கிடந்ததை விசாரணைக் குழு தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

அந்த 72 எண்களைத் தூக்கிவிட்டு ஒரு கோட்டு வரைபடம் போடுங்கள். 5 பகுதிகளின் கோடுகள் வெளிர் சாம்பல், இறங்குகிற ஒன்று மட்டும் அடர்நீலம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். அந்த வித்தியாசம் தெரியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். தலைப்பில் "விற்பனை நிலவரம்" என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? "வடக்குப் பகுதியில் 3 மாதமாக இறக்கம்" என்று முழுசாகச் சொல்லுங்கள். விவாதம் தொடங்கியதும் பவர்பாயின்ட்டில் B விசையைத் தட்டினால் திரை கருப்பாகிவிடும், எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அனிமேஷன் வேண்டாம். வெள்ளைப் பின்னணி, பெரிய கருப்பு எழுத்து போதும்.

இனி வீட்டு விஷயம். அவர் விரும்பித்தான் செய்கிறார் என்பீர்கள். என்றைக்காவது கேட்டீர்களா? வீட்டில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாதாமாதம் ஒருவர் தூக்கம் கெடுவதும் இன்னொருவர் போய்ப் பேசிவிட்டு வருவதும் எந்தக் கணக்கில் சேரும்? சம்பளம் உங்களுக்கு, வேலை அவருக்கா? கைவந்த கலை என்று புகழ்ந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது.

இந்த மாதம் குழந்தையை நீங்கள் தூங்க வையுங்கள். அதற்குப் பிறகு உட்கார்ந்து ஸ்லைடையும் நீங்களே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் செய்யும்போது இது தேவைதானா என்று கை தானாக நிற்கும்; 30 எல்லாம் வராது. மனைவியின் உதவி வேண்டும் என்றால், ஒரு விடுமுறை நாளில், ஸ்லைடைக் காட்டாமல் 5 நிமிடம் வாயாலேயே சொல்லிக் காட்டுங்கள். அவர் எங்கே "புரியலையே" என்கிறாரோ அங்கே ஒரு படம் வேண்டும். அவருக்கு நேரமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். போனில் பதிவு செய்து நீங்களே கேட்டுத் திருத்துங்கள்.