மூவாயிரம் வெள்ளியும் நிற்கிற சரணமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பதினைந்து வயதிலிருந்து பாட்டு எழுதுகிறேன், மெட்டும் நானே போடுவேன். மூன்று வருஷத்துக்கு முன் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டி ஒன்று வாங்கினேன். அதோடு ஏபில்டன் லைவ் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளின் சிறு பதிப்பான லைட் இலவசமாக வந்தது. இன்றுவரை அதில்தான் பதிவு செய்கிறேன். குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதியும் டிராக் எட்டுக்கு மேல் போக முடியாது.

இப்போது முழுப் பதிப்பான சூட்டுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். கிட்டத்தட்ட மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். என் பாட்டைக் கேட்ட நண்பர் ஒருவர், "வீட்டுல பண்ணது மாதிரியே இருக்கு" என்றார். பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் எனக்கே பிந்திக் கேட்கிறது, தாளம் தள்ளிப்போகிறது. உறுமி, தவில் சத்தமெல்லாம் லைட்டில் இல்லை. தொடங்கிய பாட்டு முப்பது இருக்கும், முடித்தது நான்குதான். நல்ல மென்பொருள் இருந்தால் வேகமாக முடிப்பேன் என்று தோன்றுகிறது. மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. "வாங்கினா பாட்டு முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு பாட்டை இணைத்திருக்கிறேன். ஒன்றைத் தீபாவளிக்கு வெளியிட ஆசை. உங்கள் கருத்து வேண்டும்.

பட்டர்வொர்த் வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள தம்பி,

இரண்டு பாட்டையும் நேற்று இரவு ஹெட்ஃபோனில் மூன்று முறை கேட்டேன். அம்மா மழையில் ஃபெர்ரி ஏறிப் போகும் பாட்டின் பல்லவி, இன்று காலை செந்தூல் தீமோர் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போதும் வாயில் இருந்தது. அதனால் உங்கள் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வாங்க வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிந்திக் கேட்கும் குரல். அதற்கும் லைட், சூட் என்ற பதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. மைக்கில் போகும் குரல் கணினிக்குள் நுழைந்து திரும்ப ஹெட்ஃபோனுக்கு வருகிறது. கணினி அதைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கிக்கொண்டு அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற கணக்கில் பதியும்போது பஃபர் 1024 சாம்பிளாக இருந்தால், ஒரு வழிக்கே 23 மில்லி நொடி பிடிக்கும். போக வர அது இரட்டிப்பு. பாடுகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். தன் குரலுக்காகக் காத்திருந்து காத்திருந்து தாளத்தை இழுத்துவிடுவான். உங்கள் இரண்டாவது பாட்டில் அந்த இழுப்பு அப்படியே கேட்கிறது. பஃபரை 128 ஆக்குங்கள், ஒரு வழிக்கு 3 மில்லி நொடிகூட ஆகாது. லைவின் ஆடியோ அமைப்பில் பெட்டியையும் கணினியையும் பேச வைக்கும் ஃபோக்கஸ்ரைட்டின் ஏஎஸ்ஐஓ டிரைவர் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், உங்கள் பெட்டியிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் குரல் கணினியைச் சுற்றாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அப்போது லைவில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். மிக்ஸிங் செய்யும்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், கணினிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்தது உங்கள் நண்பர் சொன்னது. அவர் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் கேட்டது உங்கள் அறையை. ஃபெர்ரி பாட்டில் இரண்டாவது வரி முடியும் இடத்தில் ஹெட்ஃபோனில் கவனித்துக் கேளுங்கள். குரல் நின்ற பிறகும் சுவர் பேசுகிறது. டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், மேலே காற்றாடி. நம் வீடுகள் எல்லாம் அப்படித்தான். மூவாயிரம் வெள்ளி மென்பொருளில் திறந்தாலும் அந்தச் சுவர் பேசிக்கொண்டுதான் இருக்கும். உடுப்பு அலமாரியை அகலத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். பலரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள். மைக் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிறது, அதனால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலிதான் அதற்குள் அதிகம் போகிறது. துணி இருக்க வேண்டிய இடம் அந்த முதுகுப்புறம். இரண்டு பக்கமும் நாற்காலி வைத்து தடித்த போர்வையைப் போடுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். காற்றாடியை நிறுத்திவிட்டு, வியர்த்தாலும் பரவாயில்லை என்று நான்கு நிமிஷம் பாடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பாட்டின் பல்லவி முழுக்கக் கீபோர்டில் ஒரு கார்டை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் குரல் நடமாடும் அதே உயரத்தில் அதுவும் நிற்கிறது, குரல் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பல்லவியில் அதை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒரு டிராக்கும் மிச்சமாகும்.

உறுமிக்கு வருகிறேன். சூட்டில் 70 ஜிபிக்கு மேல் ஒலிகள் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும்புமே, அது ஒவ்வொரு தேய்ப்புக்கும் வேறு. கை அழுத்தத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும், சில நேரம் அழுகிற மாதிரி வளையும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே மாதிரிதான் வரும். நான் காசு கொடுத்து வாங்கிய எந்தத் தொகுப்பிலும் அந்த வளைவு கிடைத்ததில்லை. பட்டர்வொர்த்திலும் பிறையிலும் உறுமி மேளக் குழு இல்லாத தாமான் (குடியிருப்பு) உண்டா? ஒரு சாயங்காலம் ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் போங்கள். விஷயத்தைச் சொல்லி, இரண்டு எட்டுத் தள்ளி மைக்கை வைத்து, உங்கள் பாட்டின் வேகத்தில் இரண்டு நிமிஷம் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். வாசித்தவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள். பாட்டு வெளிவரும்போது அவர் பெயரையும் போடுங்கள். நம் ஊர்ப் பாட்டுக்கு நம் ஊர் உறுமியே இருக்கட்டும்.

எட்டு டிராக் போதுமா என்றால், பாட்டு எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் போதும். 1979-இல் டாஸ்காம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோவில் நான்கே டிராக், அதுவும் சாதாரண கேசட்டில். மூன்று டிராக்கை ஒன்றாகக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, அந்த மூன்றையும் மறுபடி பயன்படுத்துவார்கள். நீங்களும் அதைச் செய்யலாம். உறுமி, தவில், சலங்கை மூன்றையும் சரியான அளவில் வைத்து ஒரே வேவ் (ஒலி) கோப்பாக வெளியே எடுங்கள். அதை ஒரு டிராக்கில் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு டிராக் விடுபடும். மூன்று டிராக்கும் தனித்தனியாக இருக்கும் பழைய பிரதியை வேறு பெயரில் சேமித்துவிட்டுச் செய்யுங்கள், பிறகு மனம் மாறினால் திரும்பிப் போகலாம்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். முப்பது தொடங்கி நான்கு முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி இருபத்தாறும் எந்த இடத்தில் நின்றன? அனுப்பிய இரண்டிலுமே எனக்கு ஒன்று தெரிந்தது. பல்லவி முழுசாக இருக்கிறது, இடையிசைகூட அழகாக இருக்கிறது. சரணம் வந்ததும் சொல் இல்லை, "லல்லா லாலா" என்று மெட்டை மட்டும் பாடிக்கொண்டு போகிறீர்கள். மற்றவையும் அங்கேதான் நிற்கின்றன என்று நினைக்கிறேன். பல்லவிக்கு ஒரு உணர்ச்சி இருந்தால் போதும். சரணத்தில் ஏதாவது நடக்க வேண்டும், யாராவது எதையாவது செய்ய வேண்டும்.

ஃபெர்ரி பாட்டையே எடுத்துக்கொள்வோம். "அம்மா மழையில் போகிறாள்" என்று பல்லவி சொல்லிவிட்டது. எத்தனை மணி ஃபெர்ரி அது? கையில் என்ன வைத்திருந்தார்? குடையா, சோற்றுப் பாத்திரமா? பினாங்குத் தீவில் இறங்கி எங்கே நடந்தார்? லெபோ பசார் பக்கமா? திரும்பும்போது உங்களுக்கு ஏதாவது வாங்கி வருவாரா? அந்தப் பழைய இரண்டடுக்கு ஃபெர்ரிகள் 2020 முடிந்ததோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டன. இன்றைக்குச் சின்னப் பிள்ளையாக இருப்பவனுக்கு அந்தப் பலகை இருக்கையும் டீசல் வாசமும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை எழுத கணினியே வேண்டாம். ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்தால் போதும். உங்கள் மனைவி கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அவரிடமே சரணத்தைப் பாடிக் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யச் சொல்வேன். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2010 வாக்கில் பதினொரு பாட்டைக் கணினியில் செய்து வைத்திருந்தேன். வயலின் பகுதிகள் எல்லாமே ஒரு 32-பிட் பிளக்-இன்னில், அதாவது மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கணினி வாத்தியத்தில், வாசித்தவை. சில வருஷம் கழித்துக் கணினியையும் மென்பொருளையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். புதிய பதிப்பு 64-பிட் பிளக்-இன்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது. பாட்டைத் திறந்தால் டிராக் இருக்கிறது, நோட்டுகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, சத்தம் மட்டும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்றையும் திறந்தேன். ஒரு பாட்டில் மட்டும் ஒரு டிராக் ஒலித்தது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரியவர் உறுமி வாசித்ததை மைக்கில் பிடித்திருந்தேன். மைக்கில் பிடித்ததால் அது வேவ் கோப்பாகவே இருந்தது, எந்தப் பிளக்-இன்னையும் நம்பி இருக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு அவர் "சரிதானே தம்பி?" என்று கேட்பதும் அதில் இருந்தது. அதற்குள் அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வயலின்களை நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன். நான்கு பாட்டுக்கு வரவே இல்லை, இன்றுவரை.

அதனால் முப்பது பாட்டையும் வெளியே எடுத்து வையுங்கள். லைவின் ஏற்றுமதியில் எல்லா டிராக்கையும் தனித்தனியாக எடுக்கும் தேர்வு உண்டு. 24-பிட் வேவ், எல்லாம் பாட்டின் தொடக்கத்திலிருந்தே. நான்கு நிமிஷப் பாட்டுக்கு எட்டு டிராக் ஸ்டீரியோவில் அரை ஜிபி அளவுக்கு வரும், முப்பதுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஒரு 32 ஜிபி பென்டிரைவே போதும், இரண்டு வாங்கி ஒன்றை அம்மா வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், சுருதி, வரிகள் எழுதிய ஒரு சாதாரணக் கோப்பும் கூடவே இருக்கட்டும். என்றைக்காவது புதிய பதிப்புக்கு மாறினாலும், அதில் சேமித்த பாட்டு பழைய பதிப்பில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சூட் யாருக்குத் தேவை என்றால், அடுத்தவர் பாட்டுக்கு இசைக்கோர்ப்பு செய்து சம்பாதிப்பவருக்கு. பிரிக்பீல்ட்ஸில் என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார், வேலை செய்தே போட்ட காசை எடுத்துவிட்டார். உங்களுக்குச் சேர்த்துக் கலந்த பிறகும் தொடர்ந்து இரண்டு மூன்று பாட்டில் டிராக் போதாமல் போனால், அப்போது லைவின் 16 டிராக் உள்ள இன்ட்ரோ பதிப்பைப் பாருங்கள். அது 99 டாலர். டிராக்குக்கு எல்லையே வேண்டாம் என்றால் ரீப்பர் என்ற வேறொரு பதிவு மென்பொருள் இருக்கிறது. 60 நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம், பிடித்தால் தனியாளுக்கு 60 டாலர். எதை வாங்கினாலும் பணம் கட்டும் பக்கம் வரை போய்த் தொகையைப் பாருங்கள். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு நம் நாட்டில் 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு சேவை வரி, வங்கியும் நாணய மாற்றுக்குத் தன் பங்கை எடுக்கும். சூட்டின் மேல் ஆசை தீரவில்லை என்றால் இலவசச் சோதனைப் பதிப்பை இறக்கி, அந்த நாட்களில் ஒரே ஒரு பாட்டை முடிக்கப் பாருங்கள். ஆனால் தீபாவளிப் பாட்டு கையில் இருக்கும்வரை எதையும் மாற்றாதீர்கள்.

ஃபெர்ரி பாட்டின் சரணம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பஸ்ஸில் கைப்பேசியில் பதிந்ததையே அனுப்பலாம், இரைச்சல் இருந்தாலும் கேட்பேன்.

அன்புடன்,
அண்ணன்
செந்தூல், கோலாலம்பூர்