கெபீரா: யூதா அரண்மனையின் தாயரசி (கேள்வி பதில்)

கேள்வி: இஸ்ரவேல் அரண்மனையில் அரசனின் மனைவிக்கு அதிகாரம் அதிகமா, தாய்க்கா?

பதில்: தாய்க்குத்தான். பைபிளின் 1 இராஜாக்கள் நூலில் முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்துப் படியுங்கள். முதலில் பத்சேபாள் தாவீது ராஜாவின் முன் குனிந்து வணங்குகிறாள். அப்போது அவள் மனைவி. அடுத்த அதிகாரத்தில் அரசனாகிவிட்ட அவள் மகன் சாலொமோன் எழுந்து வந்து அவளை வணங்கி, தன் வலப்பக்கத்தில் ஆசனம் போடுகிறான். அரசனுக்கு மனைவியர் பலர், தாய் ஒருத்திதான். யூதா அரசன் ஆசாவின் காலத்து மாகாளையும், பிற்கால அரசன் யெகோனியாவின் தாயையும் எபிரெய மூலம் ‘கெபீரா’ என்கிறது.

கேள்வி: அப்படியானால் பத்சேபாள் கேட்டதை சாலொமோன் ஏன் மறுத்தான்?

பதில்: அவள் கொண்டுபோனது சாலொமோனின் அண்ணன் அதோனியாவின் மனு. தாவீதின் பணிவிடைக்காரியான அபிஷாகைத் தனக்கு மனைவியாகக் கேட்டான். முந்தின அரசனின் பெண்ணை எடுப்பது அரசாட்சிக்கே உரிமை கோருவதாகும். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோமும் தாவீதின் மறுமனையாட்டிகளிடம் அதைத்தான் செய்தான். “அவனுக்கு ராஜ்யபாரத்தையும் கேளும்” என்று சாலொமோன் சீறியதன் பொருள் இதுவே. அன்றே சாலொமோனின் ஆள் பெனாயாவின் கையால் அதோனியா செத்தான். மனுவை எடுத்துச் செல்வது தாயின் பொறுப்பு, முடிவு அரசனுடையது.

கேள்வி: இது பதவியா, வெறும் மரியாதையா?

பதில்: பதவிதான், பறிக்கவும் முடிந்தது. மாகாள் தோப்பு விக்கிரகம் (அசேரா தேவியின் உருவம்) செய்தபோது ஆசா அவளை அந்த நிலையிலிருந்து நீக்கி, விக்கிரகத்தைக் கீதரோன் ஆற்றண்டையில் சுட்டெரித்தான். மாகாளை அபியாமுக்கும் தாய், ஆசாவுக்கும் தாய் என்று எழுதியிருப்பது பலரைக் குழப்பும். அபியாம் ஆண்டது மூன்றே வருஷம்; பேரன் காலத்திலும் அவளே அந்த இடத்தில் நீடித்தாள் என்று எடுத்துக்கொண்டால் சரியாகப் பொருந்துகிறது.

கேள்வி: இஸ்ரவேல் ராஜா ஆகாப் விரும்பிய நிலத்தை விற்க மறுத்த நாபோத்தை, ராஜாவின் மனைவி யேசபேல் ஆகாபின் பெயரில் முத்திரையிட்ட கடிதம் அனுப்பிக் கொல்லவைத்தாள். இதில் அவள் குற்றம் சரியாக எது?

பதில்: முத்திரையைத் திருடுவதை விடப் பெரிய குற்றம்: சட்டத்தையே கருவியாக்கினாள். அக்காலத்தில் கடிதத்தைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின்மேல் களிமண் வைத்து முத்திரையை அழுத்துவார்கள். முத்திரை ஆகாபுடையது என்றால் கட்டளையும் ஆகாபுடையதே. நாபோத்தின் ஊரான யெஸ்ரயேலின் மூப்பர் அதைக் கேள்வி கேட்கவில்லை. உபவாசம் கூறினார்கள், நாபோத்தைச் சபை முன்னிலையில் உட்காரவைத்தார்கள், பொய்ச்சாட்சி இருவரை எதிரே நிறுத்தினார்கள், ஊருக்கு வெளியே கல்லெறிந்தார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற உபாகம விதி எழுத்துப்படி நிறைவேறிற்று. பிதாக்களின் நிலத்தை விற்க மறுத்ததைத் தவிர அவன் ஒரு தவறும் செய்யவில்லை. தீர்க்கதரிசி எலியா வந்து பிடித்தது ஆகாபை. முத்திரை யாருடையதோ பழியும் அவனுடையது.

கேள்வி: யூதாவின் ஆட்சியைப் பிடித்த தாயரசி அத்தாலியாளை வீழ்த்தியது யோய்தாவா, யோசேபாளா?

பதில்: யோசேபாள் இல்லாவிட்டால் யோய்தாவுக்கு வேலையே இல்லை. அரசனாயிருந்த மகன் அகசியா இறந்ததும் அத்தாலியாள் அரச வம்சத்தையே அழிக்கத் தொடங்கினாள். அகசியாவின் சகோதரி யோசேபாள் அவனுடைய கைக்குழந்தை யோவாசைத் தாதியோடு தூக்கி ஆலயத்தில் 6 வருஷம் ஒளித்துவைத்தாள்.

ஏழாம் வருஷம் யோவாசை அரசனாக்க ஆசாரியன் யோய்தா தேர்ந்தது ஓய்வுநாள். அன்று காவல் மாறும். முறை முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தினான். சந்தேகம் எழாமலே ஆட்கள் பெருகினார்கள். நூறுபேருக்கு அதிபதிகளிடம் தாவீதின் ஈட்டிகளும் கேடகங்களும் கொடுத்தான். அத்தாலியாளை ஆலயத்துக்குள் கொல்லக்கூடாது என்ற கட்டளையும் அவனுடையதே. குதிரைகள் நுழையும் வழியில் அவள் கொல்லப்பட்டாள்.

கேள்வி: இராஜாக்கள் நூல்கள் யூதா அரசர்களுக்குத் தாயின் பெயரைச் சொல்வது ஏன்?

பதில்: தாயின் ஊரைக் கவனியுங்கள். யோவாசின் தாய் பெயெர்செபாவைச் சேர்ந்தவள். இரண்டு அரசர்களைப் பெற்ற அமுத்தாள் லிப்னாவைச் சேர்ந்தவள். அந்த ஊர்ப் பெருங்குடும்பங்கள் அரண்மனையோடு கட்டிய உறவு அந்த வரியில் தெரிகிறது என்பது என் வாசிப்பு. யோராமுக்கும் ஆகாசுக்கும் தாய் பெயர் இல்லை.

கி.மு. 597இல் யோயாக்கீன் என்ற யெகோனியா 18 வயதில், ஆட்சி 3 மாதமே நடத்தி, பாபிலோனுக்குச் சரணடைந்தபோது, அவனோடு வெளியே வந்தவர்களில் முதலில் சொல்லப்படுவது தாய் நெகுஸ்தாள்.