மீனுக்கு வரும் வலிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனில் சோதித்து மனித நோய்களுக்கு மருந்து தேடுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எலியிடம் பலித்த மருந்துகளே மனிதரிடம் வந்து பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. மீன் நம்மிடமிருந்து இன்னும் எவ்வளவோ தள்ளி இருக்கிறது. மனித செல்களையே ஆய்வகத் தட்டில் வளர்க்க முடிகிற காலத்தில் மீன் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. மீன் நம்மைப் போன்றது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை உண்டு என்று 2013இல் தெரிந்தது. அதைவிடப் பெரிய காரணம், அது முழு உயிர் என்பதுதான்.

டிராவே நோயை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே தொடங்கும் கொடிய வலிப்பு. பல மருந்துகளுக்கு அடங்காது. பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் உள்ள பழுதுதான் காரணம். அதே பழுது உள்ள மீன்குஞ்சுக்கும் வலிப்பு வருகிறது: திடீரென்று வெறிபிடித்ததுபோல் சுற்றிச் சுற்றி நீந்தும். கலிஃபோர்னியாவில் ஸ்காட் பராபனின் குழு அந்தக் குஞ்சுகளை ஆய்வகத் தட்டில் உள்ள சிறு குழிகளில் விட்டு, தண்ணீரில் மருந்தைக் கலந்து, கேமராவில் நீச்சலை அளந்தது. 320 சேர்மங்களைச் சோதித்ததில் கிளெமிசோல் என்ற மருந்து வலிப்பை அடக்கியது. அது ஒவ்வாமைக்குக் கொடுத்த பழைய மருந்து! வலிப்புக்கு அதைக் கொடுத்துப் பார்க்க யாருக்குத் தோன்றியிருக்கும்? மருந்து எந்த மூலக்கூறைத் தொடுகிறது என்று முன்கூட்டியே தெரியாமலும் தேட முடிந்தது. தட்டில் கிடக்கும் செல்லுக்கு நீந்தத் தெரியாதே.

இத்தனையை எலியில் சோதிக்க எவ்வளவு நாளாகும், எத்தனை எலிகள் வேண்டும்! மீனோ ஒரே தடவையில் 200 முட்டை வரை இடும். முட்டை தாய்க்கு வெளியே வளர்வதால், கண்ணாடி போன்ற அந்த உடலுக்குள் ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்க்கலாம். மருந்து இதயத்தைக் கெடுத்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

சரி, குறைகளும் உண்டு. தண்ணீரில் கரையாத மருந்து குஞ்சின் உடலுக்குள் போகாமலே ‘பலனில்லை’ என்று ஒதுக்கப்படலாம். இந்த மீனுக்கு நுரையீரலும் கிடையாது. ஆகவே மீனில் பலித்ததை எலியிலும் பார்க்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை.

அன்புடன்
ஆசிரியர்