மெடிச்சி குடும்பத்தைப் பற்றிய படப் புத்தகத்தை எப்படி வடிவமைப்பது?

இத்தாலியில் புளோரன்ஸ் நகரைக் கையில் வைத்திருந்த மெடிச்சிகளின் புத்தக அட்டையில், போட்டிசெல்லி வரைந்த வீனஸ் தேவதையைப் போடலாமா, உள்ளே எந்த வரிசையில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டுப் படங்களையும் நீளமான ஒரு கட்டுரையையும் கொடுத்துவிட்டு, ‘பார்த்துச் செய்யுங்க’ என்று பதிப்பாளர் போயிருப்பார். எனக்கும் இதே புத்தகம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

முதலில் வீனஸ். ஓவியத்தின் அளவு 172.5 × 278.5 செ.மீ. அகலப் படம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் விரித்துவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் அவள் நிற்பது கிட்டத்தட்ட நட்டநடுவில். பைண்டிங் மடிப்பு அவளை விழுங்கிவிடும். இடப்பக்கம் காற்றை ஊதுகிற ஜோடியும் வலப்பக்கம் துணியோடு வரவேற்கிற பெண்ணும்தான் மிஞ்சுவார்கள். நான் ஒரு பக்கத்தில் முழுப் படத்தையும் எதிர்ப்பக்கத்தில் அவள் முகத்தை மட்டும் பெரிதாகவும் வைத்தேன். பதிப்பாளர் மடிப்பைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. ‘துணியில்லாம இருந்தா லைப்ரரி ஆர்டர் வராது சார், முகம் மட்டும் போதும்’ என்றார். சண்டை போட்டு முழுப் படத்தைக் காப்பாற்றினேன். சிற்பி டொனடெல்லோ வெண்கலத்தில் செய்த நிர்வாண டேவிட்டைக் காப்பாற்ற முடியவில்லை. புளோரன்ஸில் மெடிச்சி அரண்மனை முற்றத்தில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க நின்ற சிலை, எங்கள் புத்தகத்தில் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது.

(கலை வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வீனஸை வரையச் சொன்னது மெடிச்சிகள்தான் என்பதற்கு நேரடி ஆவணம் இல்லை என்று எனக்கும் தெரியும். பிற்பாடு அவர்கள் மாளிகையில் இருந்த படம், அவ்வளவுதான்.)

வரிசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வழக்கமாக ‘கலையை வளர்த்த வள்ளல்கள்’ என்று குடும்பத்தில் பேர்பெற்ற லொரென்சோவின் படத்தோடு ஆரம்பிப்பார்கள். அவர்கள் வட்டிக்கடைக்காரர்கள், சார். ஜொவான்னி தி பிச்சி 1397இல் வங்கியை நிறுவினார். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலம். அவர் மகன் கொசிமோ மடாலயங்களுக்கும் கோயில்களுக்கும் அள்ளிக் கொடுத்ததில் அந்தப் பயமும் கலந்திருந்தது. 1459இல் கொட்சோலி என்ற ஓவியர் மெடிச்சி அரண்மனைச் சிற்றாலயத்தின் சுவர்களில் வரைந்ததைப் பாருங்கள். மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவைப் பார்க்கப் போகும் ஊர்வலத்தில் கொசிமோ கோவேறு கழுதையிலும் மகன் பியேரோ வெள்ளைக் குதிரையிலும் போகிறார்கள். பின்னால் கூட்டத்தில் ஓவியரே நிற்கிறார், தொப்பியில் தன் பெயரை எழுதிக்கொண்டு. அதனால் வங்கியை முன்னால் வையுங்கள், ஓவியங்கள் அப்புறம் வரட்டும்.

இன்னும் தைரியம் இருந்தால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லுயிசா 1737இல் போட்ட ஒப்பந்தம், குடும்பச் சேகரிப்பில் எதையும் புளோரன்ஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. அவர் அப்படி எழுதி வைத்திராவிட்டால் நீங்களும் நானும் உலகம் பூராவும் படத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

கொட்சோலியின் ஓவியத்தில் இருக்கிற தங்கம் சாதாரண நாலு கலர் அச்சில் கடுகு நிறமாகத்தான் விழும். அந்தப் படம் வருகிற ஒரு ஃபாரத்துக்காவது (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கங்கள்) ஐந்தாவது கலராகத் தங்க மை கேளுங்கள். அச்சகத்தில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ‘ஓவியர் செத்து ஐந்நூறு வருஷமாச்சு, உரிமை என்ன உரிமை’ என்று நெட்டிலிருந்து படத்தை இறக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். இத்தாலியச் சட்டப்படி அரசு அருங்காட்சியகப் படைப்புகளை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் உண்டு. வீனஸைத் துணியில் அச்சடித்து விற்றதற்காக 2022இல் ஜான் பால் கோத்தியே என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் மேல், அந்த ஓவியம் இருக்கிற புளோரன்ஸ் அருங்காட்சியகமான உஃபிட்சி வழக்குப் போட்டது.

அட்டைக்கு நான் கொடுத்தது அவர்கள் குலச் சின்னம்: தங்கப் பின்னணியில் ஐந்து சிவப்பு உருண்டை, மேலே ஒரு நீல உருண்டை. நீலம் 1465இல் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி கொடுத்த கௌரவம். ‘கேரம் போர்டு மாதிரி இருக்கு’ என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் வீனஸின் முகம்தான் அட்டை. உள்ளே வடிவமைப்பாளர் பெயரைக் காணோம். கேட்டால், ‘அடுத்த பதிப்புல போட்டுடலாம்’.

இந்த லட்சணத்தில், சொந்தக்காரர்களுக்கு நான் இன்னமும் இலவசமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருகிற ஆள். போன வாரம்கூட ஒரு சித்தப்பா, ‘ரெண்டு நிமிஷ வேலைதானேப்பா’ என்று பிள்ளையார் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். அதுவும் மங்கலான படம்.