முட்டத்துப் பாறையில் எடுத்த கருப்பு நாயின் படம்

முட்டம் பாறையில் சூரியன் மறையும்போது எடுத்த படத்தில் நாய் வெறும் நிழலாக நிற்கிறது, வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துவிடுகிறது என்கிறீர்கள். முழுப் படத்துக்கும் கூட்டாதீர்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் முதலில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளின் ஒளியை) குறையுங்கள். பிறகு நாயை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது திருத்தம் நாய்மேல் மட்டும் படும்படி தேர்ந்தெடுத்து, ஷேடோஸை (இருண்ட பகுதிகளின் ஒளியை) மெல்ல உயர்த்துங்கள். கண்ணின் ஒளிப்பொட்டும் மூக்கின் ஈரமும் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கருப்பு முடி சாம்பலாகி, புள்ளி புள்ளியாகத் தெரியும். காதோர முடியில் ஒட்டியிருக்கும் பொன்விளிம்பை மாஸ்க்கிலிருந்து நீக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். இந்தப் படத்தின் உயிரே அதுதான்.

அடுத்த முறை ரா கோப்பாக (கேமரா சென்சார் பதிவு செய்த தகவலை வைத்திருக்கும் கோப்பு), வானம் வெளுக்காத அளவில் எடுங்கள். வழக்கமான ஜேபெக் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப்படிகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டிலிருந்து முடியை மீட்க அந்த வித்தியாசம் மிகவும் உதவும்.